எலும்பு ரசமும் ஏழு விசிலும்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. அதனால இன்னிக்கு ஒரு கொசுவத்தி சுத்திக்கறேன். கூடவே கொஞ்சம் வரலாறும் வரும், பொறுத்துக்கோங்க மக்களே :-)

2011 ஜனவரி கடைசி. நொய்யலில் சாயக்கழிவு கலக்கும் வழக்கில், திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. ஆத்துக்கு நல்லதுதான். ஆனா அப்பா பட்டறைத் தொழிலாளி. ராயபுரத்துல எங்க லைன் வீட்டுல சனிக்கிழமை சம்பளம் நின்னுபோச்சு. ஞாயித்துக்கிழமை கறியும்தான்.

அம்மா அசரலை. சில்லி சிக்கன் கடைக்காரங்க போன்லெஸ் வாங்கிட்டுப் போனபிறகு, கறிக்கடையில கழுத்தும் முதுகெலும்பும் காலும் மிஞ்சும். அரைக் கிலோ 20 ரூபாய். நல்லாக் கழுவி, ஒரு லிட்டர் தண்ணி, ஒரு கை சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, மஞ்சள், தட்டிப்போட்ட மிளகு சீரகம். குக்கர்ல ஏழு விசில். நாலு பேருக்கு ரசம் ரெடி.

எங்க ஊர்ல எலும்பு சல்லிசாக் கிடைச்சதுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1984-ல் உடுமலைப்பேட்டையில் சுகுணா நிறுவனம் ஆரம்பித்தது. குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனி தரும். கொட்டகையும் உழைப்பும் விவசாயியோடது. வளர்ப்புக்கூலி கிலோ கணக்கில். இந்த ஒப்பந்த முறை பல்லடம் வட்டாரம் முழுக்கப் பரவியது. சுமார் 40 நாளில் கோழி தயார். விருந்தாளி வந்தா மட்டும் அடிக்கிற கோழி, வாராவாரச் சமாச்சாரம் ஆயிடுச்சு.

சரி, குக்கர்? நான் அரிசி வேகவைக்கக் கண்டுபிடிச்சதுன்னுதான் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். இல்லைங்க. டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஒரு மூடிய பாத்திரத்தைக் காட்டினார். நோக்கமே எலும்பை மிருதுவாக்குவதுதான். அழுத்தம் ஏறினா தண்ணி 100 டிகிரியில் கொதிக்காது. இன்றைய குக்கரில் அது கிட்டத்தட்ட 120 வரை போகும். எலும்பை ஒட்டிய கொலாஜன் சீக்கிரம் ஜெலட்டினாகக் கரையும். வெடிக்காமல் இருக்க ஒரு வால்வும் வைத்தார். தூக்கிப் போடும் எலும்பு ஏழைகளுக்கு உணவாகும்னு நம்பினார். அவரே கடைசியில் லண்டனில் வறுமையில் செத்துப்போனார் என்பது வேற சோகம்.

அந்த நம்பிக்கையைப் பாரிஸ்காரங்க பிடிச்சுக்கிட்டாங்க. 1800களின் தொடக்கத்தில் தார்சே என்ற வேதியியலாளர் எலும்பிலிருந்து ஜெலட்டின் எடுத்து, மருத்துவமனைகளிலும் ஏழைகளுக்கும் சூப்பாகக் கொடுக்க வழி செய்தார். கறிக்குப் பதில் இதுவே போதும்னு வாதம். உண்மையான்னு பார்க்க அறிவியல் கழகம் குழு போட்டது. தலைவர் மஜாந்தி. 1841-ல் அறிக்கை வந்தது: ஜெலட்டினை மட்டும் தின்ற நாய்கள் மெலிந்து செத்தன. ட்ரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் ஜெலட்டினில் இல்லவே இல்லை. அந்த அமிலத்தையே 1901-ல்தான் பிரித்தெடுத்தார்கள்.

இதைப் படிச்சதும் எனக்கு லேசா திக்குன்னு ஆச்சு. நாலு மாசம் நாங்க குடிச்சது வெறும் வாசனைத் தண்ணியா? உடனே அம்மாவுக்கு போன். மஜாந்தி கதையை முழுசா அவுத்துவிட்டேன் (இஞ்சினியர் புள்ளையில்ல!).

"சாத்துல என்ன கண்ணு சத்து இருக்கும்? அதுக்குத்தான ஒரு கை பருப்பும் போட்டு, முட்டையும் உடைச்சு ஊத்தினேன்" என்றார் சாவகாசமா.

பாரிஸ் பத்து வருஷம் மண்டையைக் குடைஞ்ச மேட்டரை ராயபுரத்துல அம்மா அடுப்படியிலேயே முடிச்சுட்டாங்கன்னு பெருமையா சிரிச்சேன். போனை வெச்சபிறகுதான் உறைச்சுது. முட்டை எப்பவுமே ரெண்டுதான். ஒண்ணு எனக்கு, ஒண்ணு தங்கச்சிக்கு. பருப்பும் அடியில தங்கும். கரண்டியை ஆழமா விட்டு எங்களுக்கும் அப்பாவுக்கும் ஊத்துவாங்க.

மேலாகத் தெளிஞ்ச சாறு மட்டும் யார் தட்டுக்குப் போச்சுன்னு, அந்த நாலு மாசமும் நான் பார்க்கவே இல்லை.