அடுக்களைப் பேழையும் ஆலங்குடிப் பலாவும்

தச்சுத்தொழிலின் சிறப்பைப் பேசப் புகுவோர் தேரையும் கோயிற் கதவையும் எடுத்துக்காட்டுதல் வழக்கு. அவை சிறப்புடையனவே. ஆயினும் நாடோறும் மகளிர் கைபடும் அடுக்களை மரவினையைப் பற்றி எழுதினார் மிகச் சிலர். தேர் ஆண்டுக்கு ஒருமுறை ஓடும். அஞ்சறைப்பெட்டியோ ஒரு பகலிற் பன்முறை திறந்து மூடப்படும். ஆதலின் அதன் வரலாற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

நம் முன்னோர் இல்லங்களில் அடுப்புத் தரைமேல் இருந்தது. சமைப்பவர் அமர்ந்தே சமைத்தனர். அரிவாள்மணை, அம்மி, ஆட்டுக்கல், திருகை ஆகிய யாவும் அமர்ந்து கையாளுதற்கென்றே அமைந்தவை. அமர்ந்திருப்பார்க்குக் கையெட்டுவது தரையும் அதன்மேற் சிறிது உயரமுமேயாம். அதனால், அன்றாடப் பொருள் வைக்கும் கலங்கள் பெரும்பாலும் மேல்நோக்கித் திறக்கும் மூடியுடையவாயின. பூனைக்கு அஞ்சிய பாலும் தயிரும் உறியில் தொங்கின. எப்பொழுதோ வேண்டப்படுவன பரணேறின. விளக்கு மாடத்தில் இருந்தது. நெல்லுக்குக் குதிரும் குலுக்கையும் பத்தாயமும் உளவாயின. இவற்றுள் முன்னிரண்டும் மண்ணால் ஆவன. பத்தாயமே தச்சர் கைவினை. பக்கவாட்டிற் கதவு திறக்கும் நெடிய பெட்டிக்கு அவ்வடுக்களையில் வேலையே இல்லை.

இதற்குச் சொல்லும் சான்றாகும். அலமாரி என்பது போர்த்துகேசியச் சொல்லின் வழிவந்தது. அம்மக்கள் 1498-ஆம் ஆண்டு கள்ளிக்கோட்டைக் கரையில் இறங்கிய பின்னரே மேசையும் சாவியும் சன்னலும் நம் மொழியிற் புகுந்தன. அலமாரியும் அவ்வழி வந்ததே. பேழை என்னும் பழஞ்சொல் இருக்க அயற்சொல் எதற்கு என்று தனித்தமிழன்பர் வினவுவர். வினவுதல் முறையே, யாமும் தலைப்பிற் பேழை என்றே எழுதினோம். எனினும் பேழை மேலே திறப்பது, அலமாரி முன்னே திறப்பது என்னும் வேறுபாட்டைக் கருவி பிடித்த கை மறவாது.

அடுக்களையை நின்று வேலைசெய்யும் தொழிற்கூடமாகக் கருதி, அளவெடுத்துப் பெட்டிகளைச் சுவரோடு பொருத்தும் முறைக்குப் பெயர்பெற்ற முன்மாதிரி செர்மனி நாட்டுப் பிராங்க்பர்ட் நகரில் 1926-ஆம் ஆண்டில் அமைந்தது. அதனை வகுத்தவர் மார்கரெட் ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்னும் பெண்மணி. உழைக்கும் மக்கள் குடியிருப்புகளில் ஏறத்தாழ 10,000 அடுக்களைகள் அம்முறையிற் கட்டப்பட்டன. அவற்றில் மாவு வைக்கும் இழுப்பறைகளை மட்டும் ஓக் மரத்தாற் செய்வித்தார். அம்மரத்தின் துவர்ப்புச் சத்து மாவுப்புழுவை அணுகவொட்டாது என்பதே காரணம். அழகு கருதியன்று, குணம் கருதி மரம் தேர்ந்தார் என்பதை நம்மவர் உற்றுநோக்குதல் வேண்டும்.

நம் நாட்டில் நின்று சமைக்கும் வழக்கம் பரவியது எரிவாயு அடுப்பினால். இந்தியன் ஆயில் நிறுவனம் இண்டேன் என்னும் பெயரால் 1965-இல் அதனை வழங்கத் தொடங்கியது. பின்னர்ச் சிற்றூர்களும் அதனைப் பெற்றன. மேடை உயர்ந்தது, மேடையின்கீழ் வெற்றிடம் தோன்றிற்று, அவ்விடத்துக்குக் கதவு வேண்டியதாயிற்று. இன்றைய மேடையின் உயரம் பெரும்பாலும் 32 முதல் 34 அங்குலம். பழைய தச்சுமுழமும் 33 அங்குலமே. இஃது ஒரு தற்செயல் ஒற்றுமையே யாயினும் முழக்கோல் பிடித்தாரை மகிழ்விப்பது.

இனி மரத்தைப் பற்றிக் கூறுவாம். ஓக் இனம் இமயச் சாரலில் உண்டு. தென்னாட்டு மலைகளில் இயற்கையாக இல்லை. புதுக்கோட்டைச் சமத்தானத்தின் திருமயம் வட்டத்தில் கோனாபட்டு, இராயவரம் முதலிய ஊர்களில் நகரத்தார் எடுத்த மாளிகைகளுக்குப் பருமாத் தேக்கு கப்பலேறி வந்தது. 1942-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் இரங்கூன் சப்பானியர் கைப்பட்டது, அவ்வரவும் அறுபட்டது. மாளிகைகளைக் காண்போர் கட்டினார் பெயரை வினவுகின்றனர். கதவு செய்த தச்சர் பெயரை வினவுவார் இலர்.

ஆலங்குடி வட்டமோ அத்தகைய மாளிகைகளுக்குப் பெயர்பெற்றதன்று. 1948-ஆம் ஆண்டு மார்ச்சு 3-ஆம் நாள் சமத்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தபோதும், 1974-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோதும், இதன் செல்வம் தோட்டமே. வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் பக்கங்களின் பலா பெயர்பெற்றது. கனியைப் புகழ்வோர் பலர். மரத்தை அறிவார் சிலர். அறுத்தவுடன் மஞ்சளாய் இருக்கும் பலாவின் வைரம் ஆண்டுகள் செல்லச் செல்லச் செம்பழுப்பேறும். கறையான் அதனை எளிதில் அரிக்காது. தஞ்சை வீணையின் குடமும் மிருதங்கத்தின் கட்டையும் இம்மரத்தாலேயே ஆகின்றன. மேல்நாட்டார்க்கு ஓக் எங்ஙனமோ நம் அடுக்களைக்குப் பலா அங்ஙனம் என்பது எம் துணிபு.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் வீசிய கஜாப் புயல் இப்பக்கத்துத் தென்னையையும் பலாவையும் பெருந்தொகையாக வேரோடு சாய்த்தது. பாட்டன் நட்ட மரம் ஓரிரவில் வீழ்ந்தது. ஒரே காலத்தில் எங்கும் மரம் கிடந்தமையால் விலை வீழ்ந்தது. வீணைக்கும் கதவுக்கும் உரிய மரம் விறகாகவும் போயிற்று. மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகையை அதே ஊர்களின் அடுக்களைகளுக்கு விலைகொடுத்து வாங்குகின்றோம். அப்பலகை நீர்பட்டால் உப்பும். ஒருமுறை கழற்றிய திருகாணி அதில் மீண்டும் இறுகாது. விலை குறைவு என்பர். எத்தனை ஆண்டுக்கு என்று கேட்பார் இல்லை.

தம் தோட்டத்து மரத்தால் தம் வீட்டிலேயே பேழை செய்விக்க விழைவார்க்குச் சில சொல்வாம். பச்சை மரத்தில் வேலை தொடங்கலாகாது. அறுத்த பலகைகளை நிழலில், இடையிடையே குச்சி வைத்து, காற்றோட அடுக்குக. ஓரங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஓராண்டு உலர்தல் வேண்டும் என்பது பொதுக்கணக்கு. வெட்டுமுகங்களில் வண்ணம் பூசினால் வெடிப்புக் குறையும். கதவுக்குச் சட்டம் நான்கையும் கழுந்தும் துளையுமாகப் பூட்டி, நடுப்பலகையைக் காடியில் இருத்துக, பசையிட்டு ஒட்டற்க. மரம் நெடுக்கில் மாறுவதினும் அகலத்தில் மிகுதியாகச் சுருங்கி விரியும்; சோற்றாவி படும் இடத்தில் அவ்விரிவுக்கு வழியில்லையேல் பலகை பிளக்கும், அன்றேல் சட்டம் திறக்கும். அடிப்பெட்டியைத் தரையினின்று நான்கங்குலம் உயர்த்தி நிறுத்துக. கழுவும் நீர் சட்டத்தைத் தொடாது.

புயலுக்குப்பின் நட்ட கன்றுகளிற் பல ஒட்டுக்கன்றுகள். அவை விரைந்து காய்க்கும். குடும்பத்துக்கு அது வேண்டுவதே. ஆனால் நெடிய அடித்தண்டு வேண்டுவார் வரப்போரத்தில் இரண்டு விதைக்கன்றேனும் வைத்தல் நன்று. அவை அறுப்புக்கு ஆகும்பொழுது அறுக்கப்போவது யாமல்லேம்.

பத்தாயத்தின் பூட்டுமுறை தனியே விரித்தற்குரியது. அதனைப் பிறிதொரு திங்களில் எழுதுவாம்.