ஆறு பொற்காசு: இத்தாலிக்கா வெண்கலப் பலகையும் மார்க்கஸ் அரேலியஸின் கருணையும்

ஸ்பெயினின் செவில் நகரை அடுத்த பழைய இத்தாலிக்காவில் 1888இல் கிடைத்த வெண்கலப் பலகை, ரோமானியப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸைப் பற்றிய ஆய்வுகளில் நெடுங்காலமாக ஓர் அருள் ஆவணமாகவே வாசிக்கப்பட்டு வந்திருக்கிறது. கிளாடியேட்டர்களின் விலைக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டதும், அந்த விற்பனையில் கருவூலம் பெற்றுவந்த வரி கைவிடப்பட்டதும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. ஸ்டோயிக் தத்துவம் அரசாணையாக உருக்கொண்ட அரிய தருணம் இது என்பது அந்த ஆய்வுமரபின் துணிபு. பலகையை வரிவரியாகப் படிப்பவர் அத்துணிபை ஏற்க முடியாது என்பது என் வாதம்.

முதலில், பேசுவது யார் என்று பார்க்க வேண்டும். மார்க்கஸும் மகன் கொமோடஸும் இணைப்பேரரசர்களாக இருந்தபோது, 177ஆம் ஆண்டையொட்டி, அவர்களது உரை செனட்டின்முன் வைக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து கருத்துரைத்த உறுப்பினர் ஒருவரின் பேச்சுதான் பலகையில் உள்ளது. அவர் பெயர்கூட அதில் இல்லை. மனித இரத்தம் தெறித்த பணம் கருவூலத்துக்கு ஆகாது என்று மார்க்கஸின் மனச்சாட்சிக்குச் சான்றாக மேற்கோள் காட்டப்படும் கருத்து, அந்த உறுப்பினரின் வாயிலிருந்து வருவதே. பேரரசர்களின் உரையிலும் அது இருந்திருக்கக்கூடும். ஆனால் நன்றி சொல்ல எழுந்த ஒருவரின் புகழுரையை, புகழப்பட்டவரின் உள்ளக்கிடக்கையாகக் கொள்ள நமக்கு உரிமையில்லை.

விதிகளுக்கு வருவோம். 30,000 செஸ்டர்ஸுக்கும் (ரோமானிய நாணயம்) குறைந்த செலவில் நடக்கும் சிறு காட்சிகள் விலக்குப் பெறுகின்றன. அதற்கு மேற்பட்டவை செலவுக்கேற்பப் படிப்படியாக வகுக்கப்பட்டு, ஒவ்வொரு படியிலும் வீரர்களின் தரத்துக்கு விலை குறிக்கப்படுகிறது. மிகப் பெரிய விழாக்களில் முதல்தர வீரனுக்கு 15,000. குழுவில் பாதிப்பேர் தரம் குறிக்கப்படாத சாதாரண வீரர்களாக இருக்க வேண்டும். அவர்களுக்கு 1,000 முதல் 2,000 வரை. அக்காலத்து லீஜியன் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 1,200 செஸ்டர்ஸ் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாட்டில் கிளாடியேட்டருக்குப் பாதுகாப்பு என்று எதுவும் இல்லை. எத்தனை முறை போரிடலாம், தோற்றவனைக் கொல்லலாமா, காட்சிகளைக் குறைக்க வேண்டுமா என்ற கேள்விகளை நமக்குக் கிடைத்துள்ள பகுதி எழுப்பவே இல்லை. வாங்குபவரின் செலவு குறைகிறது, அவ்வளவுதான். விலை குறைந்த சரக்கு கூடுதலாக விற்கும் என்பது ரோமானியரும் அறிந்ததே.

பலகையில் என்னை நெடுநேரம் நிறுத்திய இடம் கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டுக் காட்சிகளைப் பற்றிய பகுதி. மரணதண்டனை பெற்று வாளுக்கு ஒப்படைக்கப்பட்டவர்களைத் தம் அலுவலரான புரொக்குரேட்டர் ஆறு பொற்காசுக்கு மேற்படாத விலையில் வழங்குவார் என்று பேரரசர்கள் தம் உரையிலேயே முன்னறிவித்ததாகச் செனட் உறுப்பினர் குறிப்பிடுகிறார். ஆறு பொற்காசு என்பது 600 செஸ்டர்ஸ், படைவீரனின் அரையாண்டுச் சம்பளம். பேரரசர்களின் உரையில் உள்ளது என்று வெளிப்படையாகச் சுட்டப்படும் இவ்விதி, இரத்தக்கறையைப் பற்றிய வாசகத்தைவிட மார்க்கஸுக்கு நெருக்கமானது. கருணை வாசிப்பை முன்வைப்போர் இதை ஏன் அடிக்குறிப்புக்குள் தள்ளினார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

இதே விதியை, கால் நாட்டின் லுக்துனும் (இன்றைய லியோன்) நகரில் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்ட நிகழ்வோடு நேரடியாக முடிச்சுப் போடுவோரும் உண்டு. திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் அந்நிகழ்வுக்குத் தரும் காலம் இதற்கு ஒத்துவருகிறது. ஆயினும் பலகை கிறிஸ்தவர்களைக் குறிப்பிடவில்லை; அங்கே பலர் விலங்குகளுக்கு இரையாக்கப்பட்டவர்கள், இங்கே பேசப்படுவோர் வாளுக்குரியவர்கள். அந்த முடிச்சை நான் போடத் துணியமாட்டேன்.

அப்படியானால் விலை வரம்பும் வரி நீக்கமுமாகிய இந்தச் சலுகை யாருக்கு? விடையைப் பலகையே சொல்கிறது. காட்சி நடத்தும் சுமையிலிருந்து விடுபடப் பேரரசர்களிடம் மேல்முறையீடு செய்திருந்த கால் நாட்டுப் பூசாரி ஒருவர், செய்தி கேட்டதும் முறையீட்டைத் திரும்பப் பெற்றாராம்: சுமைதான் நீங்கிவிட்டதே, இனி வழக்கெதற்கு என்று. அவர் நிலவுடைமையாளர், பதவியின் பொருட்டுக் காட்சி நடத்தக் கடமைப்பட்டவர். கிளாடியேட்டர் விற்பனையில் மூன்றில் ஒன்றோ நான்கில் ஒன்றோ கருவூலத்துக்குப் போயிற்று. அதையே சாக்காக வைத்து லானிஸ்டா எனப்படும் குழு உரிமையாளர்கள் விலையை ஏற்றினர். போதாக்குறைக்கு, மார்க்கோமான்னிப் போரின்போது மார்க்கஸ் கிளாடியேட்டர்களையே படையில் சேர்த்ததாகப் பேரரசர்களின் வாழ்க்கை வரலாற்றுத் தொகுப்பான 'ஹிஸ்டோரியா அகஸ்டா' கூறுகிறது. கொள்ளைநோயும் ஆள்பற்றாக்குறையும் வாட்டிய ஆண்டுகள் அவை. மாகாணச் செல்வர்கள் பதவிகளைத் தட்டிக்கழித்தால் பேரரசின் நகராட்சி நிர்வாகமே தளர்ந்துவிடும். ஆண்டுக்கு 2 முதல் 3 கோடி செஸ்டர்ஸ் வருவாயைப் போர்க்காலத்தில் விட்டுக்கொடுத்தது சிறிய செயலல்ல. திறமையான ஆட்சியாளரின் துணிச்சல் அது. அந்தத் துணிச்சலால் பயன்பெற்றவர் களத்தில் நின்றவரல்லர்.

ரோமில் மார்க்கஸின் முன்னிலையில் கிளாடியேட்டர்கள் மழுங்கிய ஆயுதங்களோடே பொருதனர் என்று வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதுகிறாரே என்று கேட்கலாம். தம் கண்முன் இரத்தம் சிந்துவதை ஒருவர் வெறுப்பதும், மாகாணச் சந்தைக்கு மனிதரை மலிவாக வழங்குவதும் ஒரே மனிதரிடம் இருக்க முடியும். அதே டியோ, மனிதரைத் தின்னப் பழக்கிய சிங்கத்தின் பயிற்சியாளனை விடுவிக்குமாறு மக்கள் கூச்சலிட்டபோது மார்க்கஸ் மறுத்ததையும் சொல்கிறார். இவ்விதிகளுக்கான பழியைக் கொமோடஸ்மேல் சுமத்தும் வாதம் பொருட்படுத்தத் தக்கதன்று. 161இல் பிறந்த அவருக்கு அப்போது வயது பதினாறையொட்டியே.

ராஜாஜியின் தமிழ் வழியே நம் வாசகர்களும் அறிந்த மார்க்கஸின் தன்குறிப்புகளும் இந்த வாசிப்புக்கே இடம் தருகின்றன. அரங்கக் காட்சிகளை ஒரே மாதிரியானவை, சலிப்பூட்டுபவை என்கிறார். விலங்குகளால் பாதி குதறப்பட்டும் மறுநாள்வரை உயிரோடு விடுமாறு கெஞ்சும் களவீரர் ஒரே ஓரிடத்தில் வருகின்றனர். அவர்களை அவர் எடுத்துக்காட்டுவது உயிராசையின் இழிவை உணர்த்தவே, இரக்கத்தால் அன்று. தன்னைத் தானே இத்தனை கண்டிப்போடு விசாரித்த ஒருவர் அந்த விசாரணையில் மனிதரைக் களத்தில் சாகவிடுவது தகுமா என்ற கேள்வியைக் கேட்கவில்லை என்பதே எனக்கு இப்பலகையின் பெருங்கனம்.

மார்க்கஸின் மனிதநேயத்துக்குச் சான்று தேடுவோர், அடிமைகளின் விடுதலை தொடர்பாக அவர் தந்த தீர்ப்புகளை ஆராயட்டும். அங்கே பேசுவதற்கு நிறைய உண்டு. இத்தாலிக்கா பலகையை அந்த வரிசையிலிருந்து நீக்கி, மாகாண நிதி வரலாற்றின் ஆவணங்களோடு வைத்துப் படிக்க வேண்டும்.