வெயில் நாட்டில் வெயில் பஞ்சம்

ஆண்டு முழுவதும் வெயில் காயும் நம் நாட்டில் பிள்ளைகளுக்கு வைட்டமின் டி குறையுமா என்று பெற்றோர் பலர் கேட்கின்றனர். குறைகிறது. 2011-இல் வெளிவந்த ஆய்வொன்றில், கோலாலம்பூர் தொடக்கப்பள்ளி மாணவர்கள் 402 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 70 பேருக்கு மேல் இச்சத்து போதுமான அளவில் இல்லை. பையன்களில் உடல் பருமன் கூடக்கூட இரத்தத்தில் இதன் அளவு இறங்கியிருந்தது.

இந்தக் குறைபாடு ஐரோப்பாவை முன்னூறு ஆண்டுகள் ஆட்டி வைத்தது. பிள்ளைகளின் எலும்பு மிருதுவாகிக் கால்கள் வில்போல வளையும் ரிக்கெட்ஸ் நோயைப் பற்றி 1650-இல் ஆங்கில மருத்துவர் கிளிஸ்சன் விரிவான நூலே எழுதினார். காரணம் மட்டும் புரியவில்லை. 1822-இல் போலந்து மருத்துவர் ஸ்னியாடெட்ஸ்கி, வார்சா நகரப் பிள்ளைகளுக்கு இந்நோய் வருகிறது, கிராமத்துப் பிள்ளைகளுக்கு வருவதில்லை என்று கண்டு வெயிலைக் காரணம் காட்டினார். யார் கேட்டார்கள்?

முதல் உலகப் போர் முடிந்த சமயம், 1919. பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர், ரிக்கெட்ஸ் கண்ட பிள்ளைகள் மீது பாதரச விளக்கின் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினார். எலும்புகள் தேறின. பிறகு அவர் செய்ததுதான் சாமர்த்தியம். ஒரு கையில் மட்டும் ஒளி பட வைத்தார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் ஒளி படாத கையும் குணமாகியிருந்தது! தோலில் உண்டாகும் ஏதோ ஒன்று இரத்தத்தில் கலந்து உடல் முழுதும் போகிறது என்பது அப்போதுதான் தெளிவானது.

அதே ஆண்டில், மீன் ஈரல் எண்ணெய் கொடுத்தால் நாய்க்குட்டிகளுக்கு ரிக்கெட்ஸ் வராது என்று லண்டனில் மெல்லன்பி காட்டினார். பசியில் வாடிய வியன்னாவுக்குச் சென்ற ஹேரியட் சிக் என்ற ஆங்கிலப் பெண் விஞ்ஞானி, அங்குள்ள மருத்துவமனைக் குழந்தைகளிடம் எண்ணெய், ஒளி இரண்டுமே பலிப்பதை நிரூபித்தார். நம் வீட்டுப் பிள்ளைகள் முகம் சுளித்து விழுங்கிய மீன் எண்ணெய்க்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது. 1922-இல் அமெரிக்காவின் மெக்காலம், எண்ணெயில் உள்ள அந்தச் சத்தைத் தனியே அடையாளங்கண்டு டி என்று பெயரிட்டார். பாலில் அதைச் சேர்த்த பிறகு மேலைநாடுகளில் நோய் பெரிதும் அடங்கியது. ஆனாலும் 1962-இல் கிளாஸ்கோவில் குடியேறிய பாகிஸ்தானியர் குடும்பங்களில் மீண்டும் தலைகாட்டியது.

அந்தக் காலத்து நோயாளிகளில் பலர் வறுமையில் வாடிய பிள்ளைகள். இன்று கொழுத்த பிள்ளைக்கும் அதே குறை ஏன்? வைட்டமின் டி கொழுப்பில் கரையும் சத்து. பருமனான உடலில் அது கொழுப்பிலேயே தங்கிவிடும். பாஸ்டனில் நடந்த சோதனையொன்றின் முடிவு 2000-இல் வெளியானது. பருமனானவர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஒரே அளவு ஒளி கொடுத்தும், பருமனானவர்களின் இரத்தத்தில் இச்சத்து ஏறியது பாதிக்கும் குறைவே. குண்டான பிள்ளைக்கு எலும்பு பலமாக இருக்கும் என்று நம்மவர் எண்ணுவது சரியில்லை. இச்சத்து குறைந்தால் உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் சரியாக ஈர்க்காது.

அதற்காகக் கடையில் மாத்திரை வாங்கி இஷ்டம்போல் கொடுக்கவும் கூடாது. அளவு மிஞ்சினால் இரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும். 1950-களில் பிரிட்டனில் கைக்குழந்தைகள் சிலருக்கு அப்படி ஏறியபோது, உணவில் சேர்த்த வைட்டமின் டி மீது சந்தேகம் விழுந்து, 1957-இல் அந்த அளவைக் குறைத்தார்கள்.