ஆக்டினிக் கெரட்டோசிஸ்: சிகிச்சை வரலாறும் நோயாளர் மனநிறைவும்

ஆக்டினிக் கெரட்டோசிஸ் என்பது பல்லாண்டு வெயில் பட்ட தோலில் தோன்றும் சொரசொரப்பான தடிப்பு ஆகும். நெற்றி, வழுக்கைத் தலை, காது, புறங்கை ஆகிய இடங்களில் இது மிகுதியாக வரும். இவற்றுள் ஒரு சிறு பங்கு தோல் புற்றாக மாறக்கூடும் என்பதால் இதனைப் புற்றுக்கு முந்தைய நிலை என்பர்.

தமிழ்நாட்டுச் சூழல்

கருணாபுரம் அமைந்துள்ள கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் கரும்பு, மரவள்ளி வயல்களில் நாள் முழுதும் வெயிலில் உழைப்போர் பலர். எனினும் தோலில் மெலனின் நிறமி மிகுந்திருப்பது புற ஊதாக் கதிரிலிருந்து அவர்களைப் பெரிதும் காக்கிறது. அதனால் இந்நோய் இங்கு அரிது. பிறவியிலேயே நிறமி குறைந்த அல்பினிசம் உடையோருக்கு அந்தக் காப்பு இல்லை. அவர்களுக்கு இளவயதிலேயே இது வரலாம். வெண்ணிறத் தோலினர் மிகுந்த ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இது மிகப் பரவலாக உள்ளது. ஆகவே இதன் சிகிச்சை வரலாறும் பெரும்பாலும் மேலை நாடுகளைச் சார்ந்தது.

சிகிச்சையின் வளர்ச்சி

வெயிலில் உழன்ற மாலுமிகளின் தோல் மாற்றங்களை ஜெர்மானிய மருத்துவர் உன்னா 1894இல் விவரித்தார். திரவ நைட்ரஜனால் தோல் கட்டிகளை உறைய வைக்கும் முறை 1950 முதல் பரவியது. 1957இல் அறிவிக்கப்பட்ட 5-ஃபுளூரோயூராசில் என்னும் புற்றுநோய் மருந்தை ஊசி வழியாகப் பெற்றோரின் வெயில் தடிப்புகள் முதலில் சிவந்து பின்னர் மறைந்ததை, 1962இல் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் பதிவு செய்தனர். அதன்பின் அம்மருந்து களிம்பாகவும் வந்தது. ஒளிவழிச் சிகிச்சை 1999இலும், இமிகுவிமாட் களிம்பு 2004இலும் அமெரிக்காவில் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்றன.

மனநிறைவை அளத்தல்

மருந்தின் பயன், பக்கவிளைவு, பயன்படுத்தும் எளிமை, மொத்த நிறைவு ஆகிய நான்கையும் அளக்கும் 14 கேள்விகள் கொண்ட வினாப்பட்டியல் 2004இல் வெளிவந்தது. இவை ஒன்றோடொன்று முரண்படுவதும் உண்டு. ஃபுளூரோயூராசில் களிம்பைச் சில வாரங்கள் தடவ வேண்டும். தோல் சிவந்து எரியும். இன்ஜெனால் மெபுடேட் களிம்புக்கோ 2 அல்லது 3 நாட்களே போதுமாயிருந்தன.

நெதர்லாந்தில் 624 நோயாளிகளிடம் நான்கு சிகிச்சைகளை ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வெளியானது. ஓராண்டுக்குப் பின்னும் சிகிச்சை தோல்வியுறாமல் இருந்தோர் ஃபுளூரோயூராசில் பிரிவில் 74.7 விழுக்காடு, இமிகுவிமாட்டில் 53.9, ஒளிவழிச் சிகிச்சையில் 37.7, இன்ஜெனாலில் 28.9. ஓராண்டு முடிவில் மனநிறைவும் ஃபுளூரோயூராசில் பிரிவிலேயே மிகுதியாக இருந்தது. தோல் புற்று குறித்த ஐயத்தால் இன்ஜெனால் 2020இல் ஐரோப்பியச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

எளிமை தரும் நிறைவு சில நாட்களில் தெரிந்துவிடும். குணம் தரும் நிறைவைக் காண ஓராண்டு பொறுக்க வேண்டும். எரிச்சல் வரும், அது தணியும் என்று முன்கூட்டியே அறிந்த நோயாளி மருந்தைப் பாதியில் நிறுத்தாமல் இருக்க அந்த விளக்கம் துணைபுரிகிறது.