குடற்புழு நீக்க மாத்திரை: பெற்றோர் அறிய வேண்டியவை

உருண்டைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு ஆகியவை மண் வழியாகப் பரவும் குடற்புழுக்கள் ஆகும். இவற்றுள் கொக்கிப்புழு குடல் சுவரைப் பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுவதால் இரத்தசோகை உண்டாகிறது. தொற்று குறைவாக இருக்கும்போது அறிகுறி எதுவும் தென்படாது. எனவேதான், நலமாகத் தோன்றும் குழந்தைக்கும் இம்மாத்திரை வழங்கப்படுகிறது.

மருந்து எவ்வாறு செயல்படுகிறது?

அல்பெண்டசோல், புழுக்கள் சர்க்கரைச் சத்தை உறிஞ்சுவதைத் தடுக்கிறது. ஆற்றல் இழந்த புழுக்கள் இறந்து, மலத்துடன் வெளியேறுகின்றன. மலத்தில் புழு காணப்பட்டால் அச்சம் கொள்ள வேண்டாம்.

எவ்வளவு, எப்படிக் கொடுப்பது?

தேசிய குடற்புழு நீக்க நாளில் (பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10) பள்ளிகளிலும் அங்கன்வாடி மையங்களிலும் 1 முதல் 19 வயது வரை உள்ளோருக்கு 400 மி.கி. மாத்திரை இலவசமாக வழங்கப்படுகிறது.

• 1 முதல் 2 வயது வரை: அரை மாத்திரை, பொடித்து நீரில் கலந்து கொடுக்கவும்.
• 2 முதல் 3 வயது வரை: ஒரு மாத்திரை, பொடித்து நீரில் கலந்து கொடுக்கவும்.
• 3 வயதுக்கு மேல்: ஒரு மாத்திரை, நன்கு மென்று விழுங்கச் செய்யவும்.

அழும் குழந்தையின் வாயில் மாத்திரையை வலிந்து திணிக்காதீர்கள். அது தொண்டையில் அடைத்து மூச்சுத்திணறலை உண்டாக்கக்கூடும்.

யாருக்குக் கொடுக்கக் கூடாது?

காய்ச்சல் முதலிய உடல்நலக் குறைவு உள்ள குழந்தைக்கு, குணமடைந்த பின்னரே கொடுக்க வேண்டும். கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் இம்மருந்தைத் தவிர்க்க வேண்டும். வலிப்பு நோய் இருந்தால் மருத்துவரிடம் முன்னரே தெரிவிக்கவும்.

பக்கவிளைவுகள்

குமட்டல், வயிற்றுவலி, வாந்தி, சோர்வு ஆகியவை சிலருக்கு ஏற்படலாம். புழுக்கள் மிகுதியாக உள்ள குழந்தைகளிடம் இவை கூடுதலாகக் காணப்படும். பெரும்பாலும் தாமாகவே நீங்கிவிடும். நீங்காவிடில் ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும். மூச்சுத்திணறலோ வலிப்போ ஏற்பட்டால் உடனே 108-ஐ அழைக்கவும்.

ஒரு வேளை மருந்து போதுமா?

சாட்டைப்புழுவை ஒரே மாத்திரை முழுமையாக நீக்குவதில்லை. ஆசனவாயில் அரிப்பை உண்டாக்கும் கீரிப்பூச்சிக்கு, குடும்பத்தினர் அனைவரும் ஒரே நாளில் மருந்து உட்கொண்டு, இரண்டு வாரங்களில் மீண்டும் உட்கொள்ள வேண்டியிருக்கும். இதனை மருத்துவரின் ஆலோசனைப்படி செய்யவும்.

மாத்திரை, உள்ளிருக்கும் புழுவை நீக்குமேயன்றி அடுத்த தொற்றைத் தடுக்காது. ஆகவே, கழிப்பறையைப் பயன்படுத்துதல், சோப்பால் கை கழுவுதல், காலணி அணிதல், நகம் வெட்டுதல், காய்கனிகளைக் கழுவி உண்ணுதல் ஆகியவற்றை நாள்தோறும் கடைப்பிடியுங்கள்.