கடலோரச் சிறாரும் கறுப்பு வெள்ளைப் படமும்

ஒளிப்படக் கலையை உயர்கலையாக்கிய முன்னோடிகளுள் ஒருவர் யூலியா மார்கிரட் கமரன் அம்மையார். 1815 இற் கல்கத்தாவிற் பிறந்த இவர், 1875 இல் இலங்கைக்கு வந்து, கடலோர ஊராகிய களுத்துறையில் வாழ்ந்து, 1879 இல் மறைந்தார்.

அக்காலத்துக் கண்ணாடித் தகடு, பூசிய மருந்தின் ஈரம் உலருமுன் ஒளியேற்க வேண்டும். குழந்தையோ பல விநாடி அசையாது நிற்றல் வேண்டும். நீல ஒளியையே மிகுதியாக ஏற்ற அத்தகட்டிற் கடலும் வானும் வெளிறும்; மாநிற முகம் கருகும். ஆதலின், முகத்தில் ஒளி விழுமாறு குழந்தையை நிறுத்துவதே படமமைப்பின் உயிராயிற்று. கடல் பின்னணியாக அமையின், மேற்குக் கரையாகிய களுத்துறையிற் காலை வெயிலும், கிழக்குக் கரையாகிய நம் திருகோணமலையில் மாலை வெயிலும் முகத்தை விளக்கும்.

1878 இல் அம்மையார் எடுத்த களுத்துறைக் குடியானவர் படமொன்று உளது. அதிலுள்ள சிறுமிக்கு வயது 12 என்றும், தந்தை எனப்பட்ட முதியவர் தம் வயது 100 என்றார் என்றும் குறிப்புண்டு, பெயர்கள் இல்லை. முகத்தைக் காத்த கலை பெயரைக் காக்கவில்லை.

டச்சுக் குடாக் கரையில் நின்ற சிறாரின் படங்கள் நம் இல்லத்துப் பழம் பெட்டிகளில் இருப்பின், அவர்களை அறிந்த முதியோர் உள்ளபோதே, பின்புறத்தில் பெயரும் ஆண்டும் எழுதிவைத்தல் நம் கடனாகும்.