மருந்தறை விட்டு வந்த மருந்தாளர்

மருத்துவமனை மருந்தாளர் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் தோன்றுவது ஒரு சிறு சாளரமும், அதன் பின்னிருந்து சீட்டை வாங்கி மருந்தை நீட்டும் ஒரு கையுமே ஆகும். மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக, மருந்தை உடனிருந்து இயற்றுவோரையும் வைத்து எண்ணினார் வள்ளுவர். ஆயினும், மருந்தாளர் நோயாளியின் கட்டிலருகே வந்து நிற்பதற்கு மேலை மருத்துவம் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வரலாறு அனைவரும் அறியத்தக்கது.

ஐரோப்பாவில் மருத்துவரையும் மருந்தாளரையும் சட்டத்தால் பிரித்தவர் சிசிலி நாட்டை ஆண்ட இரண்டாம் பிரெடரிக் மன்னர் ஆவார். 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் பிறப்பித்த ஆணை, மருத்துவர் மருந்து வணிகத்தில் பங்கு கொள்ளலாகாது என விதித்தது. எழுதிக் கொடுப்பவரே விற்பவராகவும் இருப்பின் நோயாளியின் நலனைவிட வருவாய் பெரிதாகிவிடக்கூடும் அன்றோ? எனவே பிரிவினை நன்றே. ஆனால், காலப்போக்கில் அது மதிலாக வளர்ந்தது. மருந்தின் இயல்பைக் கற்றவர் மதிலுக்கு அப்பாலும், அதனை உட்கொள்ளும் நோயாளி இப்பாலும் ஆயினர்.

அம்மதிலின் உயரத்திற்கு ஒரு சான்று கூறலாம். அமெரிக்க மருந்தாளர் சங்கம் 1952ஆம் ஆண்டில் வகுத்த ஒழுக்க விதிகள், மருந்தின் பயனையோ அதில் அடங்கிய பொருள்களையோ பற்றி நோயாளியிடம் மருந்தாளர் பேசலாகாது என்றன. நோயாளி வினவினால், மருத்துவரைக் கேட்குமாறு சொல்லி அனுப்பிவிட வேண்டும்! 1969ஆம் ஆண்டில் விதிகள் திருத்தப்பட்ட பின்னரே இந்நிலை மாறிற்று.

அதே 1952ஆம் ஆண்டில் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கடுமையாகப் பரவிற்று. மூச்சுத் தசைகள் செயலிழந்தோரின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றூட்டும் முறையை அங்குப் புகுத்தினார் பியோர்ன் இப்சன் என்னும் மயக்க மருத்துவர். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் அப்பைகளை அழுத்தினர். 1953ஆம் ஆண்டின் இறுதியில் அந்நகரில் இப்சன் அமைத்த தனிப்பிரிவே, இன்றுள்ள தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு முன்னோடி எனக் கருதப்படுகிறது.

இதற்கும் மருந்தாளருக்கும் என்ன தொடர்பு என வாசகர் கேட்கலாம். தொடர்பு உண்டு. தீவிர சிகிச்சை வளர வளர, ஒரே நோயாளிக்கு ஒரே நாளில் செலுத்தும் மருந்துகளும் பெருகின. செண்டாமைசின் என்னும் கிருமிக்கொல்லி மருந்தை உடலிலிருந்து வெளியேற்றுவது சிறுநீரகம். அது தளர்ந்தவருக்கு வழக்கமான அளவே செவியையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அமியோடரோன் என்னும் இதய மருந்தைத் தொடங்கினால், முன்பே கொடுத்து வரும் டிகாக்சின் இரத்தத்தில் மிகும். அதன் அளவைக் குறைத்தாக வேண்டும். வலிப்புக்குரிய பெனிட்டாயின் மருந்தைக் குளுக்கோஸ் நீரில் கலந்தால் துகளாகப் படியும். இத்தனையையும் நள்ளிரவில், பல உயிர்களுக்கிடையே, ஒரு மருத்துவரே நினைவில் வைத்திருத்தல் எளிதன்று.

மதிலில் முதல் வாயில்களுள் ஒன்று 1966ஆம் ஆண்டில் திறந்தது. சான்பிரான்சிஸ்கோ நகரில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவமனையின் 9ஆம் மாடியில், நோயாளிகள் இருக்கும் இடத்திலேயே ஒரு மருந்தறை அமைக்கப்பட்டது. இரவு பகல் எந்நேரமும் மருந்தாளர் அங்கிருந்து மருத்துவருக்கும் தாதியருக்கும் துணை நின்றார். நோயாளியிடத்திலேயே பணிபுரியும் இத்தகையோரைச் சிகிச்சைசார் மருந்தாளர் எனலாம்.

ஆனால், இதனால் பயன் உண்டா? இவ்வினாவிற்கு 1999ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு விடையளித்தது. பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவின் மருத்துவர் குழு காலையில் நோயாளிகளைப் பார்வையிடும்போது மருந்தாளர் ஒருவரும் உடன் சென்றார். மருந்து எழுதுகையில் நேரும் பிழையால் விளைந்த, தடுத்திருக்கக்கூடிய தீங்குகள் கணக்கிடப்பட்டன. நோயாளிகள் கழித்த ஒவ்வோர் 1,000 நாளுக்கும் 10.4 என இருந்த அத்தீங்குகள் 3.5 ஆகக் குறைந்தன. மருந்தாளர் உடன் செல்லாத மற்றொரு பிரிவில் அத்தகைய குறைவு காணப்படவில்லை. மருந்தாளர் கூறிய 366 யோசனைகளுள் 362ஐ மருத்துவர்கள் ஏற்றனர் என்பது குறிப்பிடத்தக்கது. தம் உரிமையில் பிறர் தலையிடுவதாக அவர்கள் கருதியிருப்பின் இவ்வளவு இசைவு கிட்டியிராது.

இங்கு நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்று உண்டு. அம்மருந்தாளர் புதுமருந்து எதனையும் கண்டுபிடிக்கவில்லை. அவருடைய கல்வி மருந்தறையில் இருந்தபோதும் அதுவே. மாறியது அவர் நின்ற இடமும், அவர் சொல் மருத்துவர் செவியில் விழுந்த நேரமுமே. எழுதி முடித்த சீட்டில் பிழை காண்பது திருத்தம். எழுதுமுன் சொல்வது காப்பு.

இன்றும் எல்லா மருத்துவமனைகளிலும் இவ்வமைப்பு இல்லை. இருக்கும் இடங்களிலும் இரவு வேளையிலும் விடுமுறை நாளிலும் அவர் இருப்பார் என்பது உறுதியில்லை. நோய்க்கோ இரவுமில்லை, விடுமுறையுமில்லை. புதிய கருவிகளுக்குப் பொருள் ஒதுக்குவோர், கற்ற ஒருவரைக் கட்டிலருகே நிறுத்துவதையும் அவ்வளவு இன்றியமையாததாகக் கருதுதல் வேண்டும். வணிகத்தைப் பிரிக்க எழுந்த மதில் அறிவையும் பிரித்து நிற்க வேண்டுவதில்லை.